தீராத எரிபொருள்

பாடப் புத்தகம் எரிசக்தியை இரண்டாகப் பிரிக்கிறது. தீர்ந்துபோவது நிலக்கரி, எண்ணெய். தீராதது வெயில், காற்று. ஆந்திர மின்துறை மூன்றாவது ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது: நம் சட்டைப்பை. தோண்டத் தோண்ட வருகிறது.

திருப்பதிக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். மே மாதம் மாடவீதியில் வெறுங்காலோடு ஓடும் பக்தனைக் கேட்டால் போதும். அந்த வெயிலை வைத்தே 2002-ல் திருமலையில் சமைத்துக் காட்டினார்கள். 106 குவிதட்டுகள், அவை எழுப்பும் நீராவி, நாளொன்றுக்கு 15,000 பேருக்குச் சாப்பாடு என்று திட்டம். டீசல் மிச்சம். சூரியன் பில் அனுப்பவில்லை. கமிஷனும் கேட்கவில்லை. அதனால்தான் அது அரசாங்கங்களுக்குப் பிடிக்கவில்லை போலும்.

அரசாங்கங்களுக்குக் கல் பிடிக்கும். அடிக்கல். 2010 செப்டம்பர் 1 அன்று காளஹஸ்தி பக்கத்து மன்னவரத்தில் பிரதமர் மன்மோகன் சிங் ஒன்றை நட்டார். என்.டி.பி.சி.யும் பெல்லும் கூட்டுச் சேர்ந்து, 6,000 கோடி ரூபாயில் மின்நிலையக் கருவிகள் செய்யும் ஆலை. ஆயிரக்கணக்கில் வேலை. சொன்ன ஆலை வரவில்லை. கல் வந்தது.

2019-ல் ஆந்திராவில் ஆட்சிக்கு வந்த ஜெகன்மோகன் ரெட்டி அரசுக்கு ஞானம் பிறந்தது. முந்தைய ஆட்சி போட்ட காற்றாலை, சோலார் ஒப்பந்தங்கள் அநியாய விலை என்றது. கமிட்டி போட்டது. உயர் நீதிமன்றம் வழக்கு முடியும்வரை யூனிட்டுக்கு ரூ. 2.43, ரூ. 2.44 கொடுக்கச் சொன்னது. 2022 மார்ச்சில் அதே நீதிமன்றம், கையெழுத்துப் போட்ட விலையைக் கொடு என்றது. இரண்டரை வருட வீராப்பு. வக்கீல் பீஸ் யார் வீட்டுப் பணம் என்று கேட்காதீர்கள்.

இந்த வழக்கு நடக்கும்போதே அதே அரசு 7,000 மெகாவாட் சோலார் மின்சாரத்துக்கு 25 வருட ஒப்பந்தம் போட்டது. யூனிட் ரூ. 2.49. ராயலசீமா வெயில் சரிப்படவில்லை. ராஜஸ்தான் வெயில் வேண்டுமாம். மத்திய அரசின் செகி நிறுவனம் மின்சாரம் தருவதாகக் கடிதம் எழுதியது 2021 செப்டம்பர் 15. அமைச்சரவை முதற்கட்ட ஒப்புதல் கொடுத்தது மறுநாள். ரேஷன் கார்டில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த அலைந்தவர்கள் இந்த வேகத்தைக் கும்பிடலாம். 2024 நவம்பரில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் அந்த வேகத்துக்கு வேறொரு காரணம் சொன்னார்கள்: ஆந்திர அதிகாரி ஒருவருக்கு அதானி தரப்பு சுமார் 1,750 கோடி ரூபாய் லஞ்சம் தருவதாகப் பேச்சு. இது குற்றச்சாட்டு. அதானி குழுமம் மறுத்தது. ஜெகனும் மறுத்தார். எல்லாரும் மறுக்கிறார்கள். ஒப்பந்தம் மட்டும் எதையும் மறுக்காமல் இருக்கிறது.

ஆட்சி மாறியது. எதிர்க்கட்சியில் இருந்தபோது இந்த ஒப்பந்தத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போன பையாவுல கேசவ் இன்று நிதியமைச்சர். முதல்வர் சந்திரபாபு நாயுடு சந்திரகிரி பக்கத்து நாராவாரிப்பள்ளிக்காரர், நம்மூர் மனிதர். ரத்து செய்தால் அபராதம் கட்ட வேண்டும் என்றார். நாற்காலிக்கு அந்தப் பக்கம் இருந்தால் ஊழல், இந்தப் பக்கம் வந்தால் சட்டச் சிக்கல்.

நிலக்கரிக் கணக்கைப் பார்ப்போம். 2021 அக்டோபரில் கரி இல்லை என்று ஜெகன் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மாலையில் ஏ.சி.யைக் குறையுங்கள் என்று மக்களுக்கு உபதேசம் வந்தது. 2022 ஏப்ரலில் தொழிற்சாலைகளுக்கு மின் விடுமுறை. வெளியே வாங்கிச் சமாளித்த மின்சாரத்தின் கூடுதல் செலவுக்கு ட்ரூ-அப் என்று பெயர் வைத்தார்கள். 2022-23க்கு மட்டும் 6,072 கோடி. வசூல் 2024 டிசம்பரில் தொடங்கியது. அடுத்த வருடக் கணக்குக்கு இன்னும் 9,412 கோடி.

அதாவது, 2022-ல் திருப்பதியில் வாடகைக்கு இருந்தவர் ஃபேன் போட்டுத் தூங்கினார். பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் தூங்கிய தூக்கத்துக்கு அடுத்துக் குடிவந்தவர் தவணையில் கட்டினார். வெயிலுக்குச் செலவில்லை என்று விளம்பரம் செய்யும் அதே அரசாங்கம், கரிக்குச் செலவாகிவிட்டது என்று அவரிடம் வாங்கியது.

கட்டவில்லை என்றால் லைன்மேன் வந்து பியூஸைப் பிடுங்குவார். அந்த ஒரு வேலைக்கு அவர்களுக்கு நிலக்கரித் தட்டுப்பாடு வந்ததே இல்லை.