சவுண்ட்கார்டனின் சிறந்த பத்துப் பாடல்கள்: வரிசைமுறை பற்றிய ஓர் ஆய்வு

சவுண்ட்கார்டன் குழுவின் சிறந்த பத்துப் பாடல்களை வரிசைப்படுத்த முனைவோர், அக்குழு மொத்தம் எத்தனை பாடல்களை வெளியிட்டது என்பதை முதலில் எண்ணியாக வேண்டும். முதல் தகராறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. 1984இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தோன்றிய இக்குழு 1997இல் கலைந்து 2010இல் மீண்டும் கூடியது. 2017 மே மாதம் பாடகர் கிறிஸ் கார்னெல் டெட்ராய்ட் நகரில் இறந்ததோடு அதன் இயக்கம் நின்றது. இடைப்பட்ட காலத்தில் அது ஆறு முழுநீள ஆல்பங்களை வெளியிட்டது. அல்ட்ராமெகா ஓகேயில் 13, லவுடர் தேன் லவ்வில் 12, பேட்மோட்டர்ஃபிங்கரில் 12, சூப்பர்அன்நோனில் 15, டவுன் ஆன் தி அப்சைடில் 16, கிங் அனிமலில் 13 என மொத்தம் 81 பாடல்கள் தேறுகின்றன. குறுந்தட்டுகள், திரைப்படங்களுக்குக் கொடுத்தவை, எடுத்து வைத்துப் பிறகு வெளியிட்டவை ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தால் எண்ணிக்கை கூடும். அதைவிட வேகமாகச் சண்டை கூடும் என்பதால் அவை இங்கே கொள்ளப்படவில்லை.

கார்னெலின் குரல் கேட்பதெல்லாம் சவுண்ட்கார்டன் ஆகாது என்பதும் தொடக்கத்திலேயே வரையறுக்கத்தக்கது. ‘ஹங்கர் ஸ்ட்ரைக்’ என்பது டெம்பிள் ஆஃப் தி டாக் என்ற குழுவின் பாடல். ‘லைக் எ ஸ்டோன்’ ஆடியோஸ்லேவ் குழுவினுடையது. இவ்விரண்டில் ஒன்றைத் தம் பட்டியலில் சேர்த்தவரோடு மேற்கொண்டு வாதிடுவது ஆய்வு மரபன்று. அவரிடம் அன்பாக விஷயத்தைச் சொல்லிவிட்டு விலகிவிடலாம்.

பிறர் இயற்றியவற்றை நீக்குவது அடுத்த படி. ஹௌலின் உல்ஃபின் பழைய புளூஸ் பாடலான ‘ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்’ இதனால் தயக்கமின்றி வெளியேறுகிறது. சிக்கல் தருவது அல்ட்ராமெகா ஓகேயின் கடைசி உருப்படியான ‘ஒன் மினிட் ஆஃப் சைலன்ஸ்’. இது ஒரு நிமிட மௌனம். பாடுவதற்கோ வாசிப்பதற்கோ இதில் ஒன்றும் இல்லை என்பதால் குறை சொல்வதற்கும் இடமில்லை. மிகக் கறாரான விமர்சகரும் இதைப் பத்துக்குள் வைக்க நேரிடலாம். நல்லவேளையாக இதுவும் சொந்தச் சரக்கு அல்ல. ஜான் லென்னனும் யோகோ ஓனோவும் 1969இல் வெளியிட்ட இரண்டு நிமிட மௌனத்தைப் பாதியாகச் சுருக்கி எடுத்தாண்டது. ஆகவே இதுவும் நீங்கி, 79 பாடல்கள் எஞ்சுகின்றன. அதே ஆல்பத்தில் ‘665’, ‘667’ என்ற இரு துண்டுகள் உள்ளன. ராக் இசைத்தட்டைப் பின்னோக்கி ஓட்டினால் சாத்தான் பேசுவான் என்று பெற்றோர் அஞ்சிய காலத்தில், பின்னோக்கி ஓட்டினால் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு வாழ்த்துக் கேட்கும்படி இக்குழு செய்து வைத்த வேலை அது. குறும்பு பாராட்டுக்குரியது, பட்டியலுக்கு உரியதன்று.

79 பாடல்களிலிருந்து பத்தைத் தேர்ந்து வரிசையாக நிறுத்துவதற்குச் சுமார் 52,000 கோடி கோடி வழிகள் உள்ளன. இவற்றுள் ஒன்றுதான் சரியானது என்பதில் ரசிகர்கள் அனைவரும் உடன்படுகின்றனர். எது அந்த ஒன்று என்பதில்தான் வேறுபடுகின்றனர். மேற்கண்ட இரண்டு நீக்கங்களால் மட்டும் ஏறத்தாழ 16,000 கோடி கோடி வழிகள் குறைந்துள்ளன என்பது இத்துறையில் இதுவரை கிட்டிய உறுதியான முன்னேற்றம்.

தரம் காண்பதற்குரிய அளவுகோல்களுள் தாளம் தலையாயது. இக்குழுவின் பெயர்பெற்ற பாடல்கள் பல நாலு எண்ணிக்கையில் அடங்குவதில்லை. ‘அவுட்ஷைன்ட்’, ‘ஸ்பூன்மேன்’ இரண்டும் ஏழில் நடப்பவை. பல்லவி வரும்போது மட்டும் நாலுக்குத் திரும்புகின்றன. ‘ஃபெல் ஆன் பிளாக் டேஸ்’ ஆறில் செல்கிறது. ‘மை வேவ்’ ஐந்தில் தொடங்குகிறது. மிஸ்ர சாபுக்குத் தொடையில் தட்டிப் பழகியவருக்கு ஏழு ஒரு பொருட்டில்லை. ஆனால் ராக் கச்சேரியில் தாளம் போடும் உறுப்பு தலை. ஏழு அடிக்குத் தலையை ஆட்டினால், ஒரு சுற்றின் முதல் அடியில் இறங்கிய தலை அடுத்த சுற்றின் முதல் அடியில் மேலே ஏறுகிறது. கூட்டத்தில் எவர் தலை இந்த இடத்தில் தடுமாறாமல் இருக்கிறதோ அவர் பழைய ரசிகர் என்று அறியலாம். அவர் அதை எல்லோரும் அறிய வேண்டும் என்றும் விரும்புவார்.

கிட்டார் வாசிப்பவரான கிம் தயில், கேரளத்திலிருந்து அமெரிக்கா சென்ற பெற்றோரின் மகன். ஏழடித் தாளத்துக்கு மூலம் அங்கே இருக்கிறது என்று யாரேனும் வாதிட முற்படலாம். வாதம் இனிக்கிறது, ஆனால் நிற்காது. தயில் சியாட்டிலில் பிறந்து இல்லினாய் மாநிலத்தின் பார்க் ஃபாரஸ்ட்டில் வளர்ந்தவர். மேற்சொன்ன ஏழடிப் பாடல்கள் இரண்டையும் இயற்றியவர் சியாட்டில்காரரான கார்னெல். பாட்டைக் கட்டி முடித்த பிறகுதான் எத்தனை அடி என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம் என்பது தயிலே பேட்டியில் தந்த விளக்கம். எண்ணிப் பார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் டிரம்ஸ் வாசித்த மேட் கேமரூனின் தலையில் விழுந்திருக்க வேண்டும். அவர் வாசிப்பைக் கேட்டால் அதை அவர் ஒரு சுமையாகக் கருதியதாகத் தெரியவில்லை.

தாளத்தின் துணை அளவுகோல் சுருதி. இக்குழு கிட்டாரின் தந்திகளுக்கு வழக்கமான முறையில் சுருதி சேர்த்தது குறைவு. ‘ரஸ்டி கேஜ்’ பாடலுக்கு அடித்தந்தி பி வரை இறக்கப்பட்டது. ‘மைண்ட் ரயட்’ பாடலில் எல்லாத் தந்திகளும் இ என்ற ஒரே சுரத்தில் நிற்கின்றன. பேர்ல் ஜாம் குழுவின் ஜெஃப் அமென்ட் வேடிக்கையாகச் சொன்னதை மெய்யாகவே செய்து பார்த்ததன் விளைவு. வீட்டில் கிட்டார் பழகும் ரசிகர்கள் இத்தகைய பாடல்களுக்குக் கூடுதல் மதிப்பெண் இடுவது இயல்பு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆறு தந்திகளையும் மறுபடி முறுக்கியவருக்கு அந்த உழைப்புக்கேற்ற பலன் பட்டியலில் தெரிந்தாக வேண்டும்.

இவை அனைத்தும் பூர்வாங்கம். வரிசைப்படுத்தலின் உண்மையான சிக்கல் ஒன்றே. அது ‘பிளாக் ஹோல் சன்’.

1994 மார்ச் 8 அன்று வெளியான சூப்பர்அன்நோன், பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதன் ஏழாவது பாடல்தான் இது. கார்னெல் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து காரில் வீடு திரும்பும் வழியில் மனத்திலேயே கட்டியது. தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் சொன்ன எதையோ தவறாகக் கேட்டதில் தலைப்புக் கிடைத்தது. அதே ஆல்பத்தின் பெயர், ஒரு வீடியோ கேசட்டின் முதுகில் எழுதியிருந்த ‘சூப்பர்கிளவுன்’ என்பதைத் தவறாகப் படித்ததில் பிறந்தது. ஒன்று காதுப் பிழை, மற்றது கண் பிழை. கார்னெலின் புலன்கள் இன்னும் சற்றுத் தெளிவாக இருந்திருந்தால் ராக் இசைக்கு நேர்ந்திருக்கக்கூடிய இழப்பு அளவிடற்கரியது. 1995இல் இப்பாடல் சிறந்த ஹார்ட் ராக் பாடலுக்கான கிராமி விருதைப் பெற்றது. அதே மேடையில் ‘ஸ்பூன்மேன்’ சிறந்த மெட்டல் பாடலுக்கான விருதைப் பெற்றது. இரண்டு பிரிவிலும் ஒரே குழு வென்றதால், அது எந்த வகை இசை என்ற கேள்விக்கு விருதுக் குழுவினரிடமும் விடை இல்லை என்பது தெளிவாயிற்று.

இந்தப் பாடலை எந்த இடத்தில் வைப்பது? முதலிடத்தில் வைப்பவர், அக்குழுவின் வேறு பாடல் எதையும் கேட்டதில்லை என்ற ஐயத்துக்கு ஆளாகிறார். முற்றிலும் விட்டுவிடுபவர், தமக்கு 1988 முதலே இக்குழுவைத் தெரியும் என்று காட்டிக்கொள்கிறார் என்ற ஐயத்துக்கு ஆளாகிறார். பத்தாம் இடத்தில் வைப்பது போகிற போக்கில் அவமதிப்பது. இரண்டாம் இடத்தில் வைப்பது துணிவின்மை. எஞ்சுவது நான்கு முதல் ஆறு வரையிலான இடைவெளி. அனுபவமுள்ள ரசிகர்கள் பாடலை அங்கே கொண்டுபோய் அமர்த்துகின்றனர். பிறகு அதற்கு மேலே எவற்றை வைத்தோம் என்பதை நியாயப்படுத்துவதில் மாலைப்பொழுதைக் கழிக்கின்றனர். இவ்வாறு, பத்து இடங்களையும் தீர்மானிப்பது ஒரே ஒரு பாடலைக் குறித்த கூச்சம் என்பதே இவ்வாய்வின் முடிபு.

பாட்டில் குறையொன்றும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. சுழலும் ஒலிபெருக்கி வழியே வரும் அந்தக் கிட்டார் ஒலியும், இனிமையான மெட்டுக்கடியில் ஓடும் கசப்பும் முதல்தரமானவை. பாட்டின் குற்றம், அது எல்லோருக்கும் தெரியும் என்பதே. பால் அன்கா தம் 2005ஆம் ஆண்டு ஆல்பத்தில் இதைப் பெரிய வாத்தியக் குழுவோடு ஸ்விங் பாணியில் பாடினார். வெஸ்ட்வேர்ல்ட் தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதியில் மதுக்கடைத் தானியங்கிப் பியானோ இதை வாசிக்கிறது. ஒவ்வொரு முறை இப்படி வேறொருவர் எடுத்தாளும்போதும் பழைய ரசிகரின் பட்டியலில் இப்பாடல் ஒரு படி இறங்குகிறது. இதற்கு நேர்மாறாக, ஜானி கேஷ் 1996இல் ‘ரஸ்டி கேஜ்’ பாடலைப் பாடியபோது அப்பாடல் மேலே ஏறியது. பிறர் பாடுவதால் மதிப்புக் குறையும் என்ற விதியை இந்நிகழ்வு உடைக்கிறது. விதியைச் சற்றே திருத்திக்கொள்ளலாம்: பாடுபவர் யார் என்பதைப் பொறுத்தது. சுருக்கமாக, அது ஜானி கேஷா இல்லையா என்பதைப் பொறுத்தது.

2017க்குப் பிறகு வரிசைகளில் ஒரு பெயர்ச்சி நிகழ்ந்தது. கார்னெலின் இருண்ட வரிகள் அனைத்தும் அவரது முடிவை முன்னரே சொன்னவையாக வாசிக்கப்பட்டன. துயரத்தில் அவ்வாறு வாசிப்பது இயல்புதான், ஆனால் பாடல்களுக்கு அது நியாயம் செய்வதில்லை. ‘லைக் சூசைட்’ என்ற தலைப்பு எதையெதையோ நினைவூட்டினும், அதன் தோற்றம் கார்னெலின் வீட்டுச் சன்னலில் மோதிக் குற்றுயிராய் விழுந்த ஒரு பறவை. ‘தி டே ஐ ட்ரைட் டு லிவ்’ பாடலைச் சாவின் பாட்டாகக் கேட்டவர் பலர். தனிமையில் ஒதுங்கிக் கிடந்தவன் ஒரு நாளாவது வெளியே போய் மற்றவர்களைப் போல் இருந்து பார்க்க முயன்ற கதை அது என்பது இயற்றியவரின் விளக்கம். ஆகவே இவ்வாய்வு பாடல்களை அவை வெளியான ஆண்டில் நிறுத்தியே மதிப்பிடுகிறது.

இனி வரிசை. முதலிடம் இப்போது பேசிய ‘தி டே ஐ ட்ரைட் டு லிவ்’ பாடலுக்கே. ஏழும் எட்டும் மாறிமாறி வந்து பதினைந்தாகும் கணக்கு அதில் இருக்கிறது. ஆனால் கேட்பவருக்குக் கணக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அரை மூச்சு குறைவதுபோன்ற பதற்றம் மட்டுமே தெரிகிறது. பாட்டின் பொருளும் அதுவே. தாளம் வேடிக்கையாக நிற்காமல் அர்த்தமாகவே ஆகிவிடும் இடம் இக்குழுவிடம் வேறில்லை. இரண்டாவது ‘ரஸ்டி கேஜ்’; கேஷுக்காக அல்ல, வேகமாக ஓடிக்கொண்டிருந்த பாட்டு கடைசியில் திடீரெனக் கனத்து, எண்ண முடியாத நடைக்கு மாறும் அந்த இறுதிப் பகுதிக்காக. மூன்றாவது ‘ஸ்லேவ்ஸ் அண்ட் புல்டோசர்ஸ்’. சுமார் ஏழு நிமிடம் ஓடும் இதில் கார்னெலின் தொண்டை மனிதத் தொண்டைக்குரிய எல்லைகளை மதிக்கவில்லை. நான்காவது, நிறுவப்பட்ட காரணங்களால், ‘பிளாக் ஹோல் சன்’.

ஐந்தாவது ‘அவுட்ஷைன்ட்’. ஆறாவது ‘ஃபோர்த் ஆஃப் ஜூலை’. இக்குழு மெதுவாக நடக்கும்போதுதான் மிகவும் அச்சுறுத்துகிறது என்பதற்குச் சான்று. ஏழாவது ‘ஜீசஸ் கிரைஸ்ட் போஸ்’. இதன் காணொளியை எம்டிவி ஒளிபரப்ப மறுத்ததால் கிட்டிய மதிப்பைக் கழித்துப் பார்த்தாலும் கேமரூனின் டிரம்ஸுக்காகவே இந்த இடம் நிலைக்கும். எட்டாவது ‘பர்டன் இன் மை ஹேண்ட்’. ஒன்பதாவது ‘ஸ்பூன்மேன்’. சிங்கிள்ஸ் என்ற 1992ஆம் ஆண்டுப் படத்துக்காக ஜெஃப் அமென்ட் எழுதிக் கொடுத்த தலைப்புகளுள் ஒன்றுக்குக் கார்னெல் பாட்டுக் கட்டினார். அந்தப் பெயருக்கு உரியவரான சியாட்டில் தெருக்கலைஞர் ஆர்ட்டிஸ் பிறகு ஒலிப்பதிவுக்கே வந்து கரண்டிகளை வாசித்தார். சமையலறைப் பொருளை வாசித்துக் கிராமிப் பாடலில் இடம்பெற்றவருக்குப் பத்துக்குள் ஓர் இடம் தருவதுதான் முறை.

‘ஃபெல் ஆன் பிளாக் டேஸ்’ விடுபட்டது குறித்து முறையீடுகள் எழும். அவை ஏற்கத்தக்கவையே, ஆனால் இடம் இல்லை. கிங் அனிமலிலிருந்து ஒன்றும் வராததற்கு முறையீடு எழாது.

பத்தாம் இடம் தனித்தன்மை வாய்ந்தது. மற்ற ஒன்பதிலும் பிறர் சொல்வதற்குக் காது கொடுத்தவர், இங்கே தாம் விரும்பியதை வைத்துக்கொள்ளலாம் என்பது எழுதப்படாத வழக்கு. பெரும்பாலும் பிறர் கேட்டிராத பழைய பாட்டு ஒன்று இங்கே அமரும். இப்பட்டியலில் அது அல்ட்ராமெகா ஓகேயின் ‘பியாண்ட் தி வீல்’. கார்னெல் தாழ்ந்த குரலில் தொடங்கி, அதே மெட்டை மேல் ஸ்தாயிக்கு ஏற்றி, இனி ஏற முடியாது என்று தோன்றும் இடத்திலிருந்து மேலும் ஏறுகிறார்.