சட்டம் படிக்க எந்தக் குரூப்? பதினோராம் வகுப்புச் சேர்க்கைக் குழுக்களுக்கு ஒரு மனு

பெறுநர்: தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புச் சேர்க்கையை நடத்திவரும் மாட்சிமை பொருந்திய குழுக்கள்.

மனுதாரர்: பத்தாம் வகுப்பு முடித்து, வக்கீலுக்குப் படிக்க ஆசைப்பட்டதால் வீட்டிலும் பள்ளியிலும் ஒருசேர ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கும் மாணவர் தரப்பு.

பொருள்: சட்டப் படிப்புக்கு முன்பான குரூப் ஒதுக்கீடு – நன்றி நவிலலும் ஐயம் தெளிவுறுத்தக் கோருதலும் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கிய நாள்முதல், பதினைந்து வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தை ஒரே மேசையில், சில நிமிடங்களுக்குள், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஒன்றை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு தீர்மானிக்கும் அரும்பணியைச் சேர்க்கைக் குழுக்கள் சலிப்பின்றி ஆற்றிவருகின்றன. எல்லைத் தகராறு ஒன்று தீர இரண்டு தலைமுறை காத்திருக்கும் நாட்டில், வாய்தாவும் குறுக்கு விசாரணையும் மேல்முறையீடும் இல்லாமல் இத்தனை விரைவில் தீர்ப்பு வழங்கும் மன்றம் வேறு எதுவும் இல்லை என்பதால், இம்மனு முதற்கண் நன்றியையே தெரிவிக்கிறது.

குரூப் என்பது தமிழ், ஆங்கிலம் என்னும் இரு மொழிப்பாடங்களுடன் சேர்த்துப் படிக்க வேண்டிய நான்கு பாடங்களின் தொகுப்பு. கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியலோ கணினி அறிவியலோ சேர்ந்தது முதல் வரிசை. வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பொருளியலும் அடங்கியது அதற்கடுத்த வரிசை. வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் ஆகியவற்றைக் கொண்ட தொகுப்போ, வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கெனக் கருணையுடன் ஒதுக்கிவைக்கப்பட்ட கடைசி வரிசை. தனியார் பள்ளிகள் பலவற்றில் இந்தக் கடைசி வரிசையே கிடையாது. தம்மிடம் கடைசி மாணவர் என்று ஒருவர் இருப்பதை அப்பள்ளிகள் ஒப்புக்கொள்வதில்லை என்பதே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். பாடங்களுக்கிடையே இப்படியொரு மேல், கீழ் இருப்பதாக எந்தப் பாடநூலும் சொல்லவில்லை என்றாலும், எந்த வீட்டிலும் இது தெரியாதவர் இல்லை.

இவ்வளவு துல்லியமான வரிசையைச் சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்தும் அமைப்பு மட்டும் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய பார் கவுன்சில் 2008இல் வகுத்த சட்டக் கல்வி விதிகள், பிளஸ் டூ முடித்ததும் நேரே சேரக்கூடிய ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புக்கு, அதாவது பி.ஏ. போன்ற ஓர் இளநிலைப் பட்டத்தையும் எல்.எல்.பி.யையும் சேர்த்துத் தரும் படிப்புக்கு, பிளஸ் டூ தேர்ச்சியையும் குறைந்தபட்ச மதிப்பெண்ணையும் கேட்கின்றன. பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடு, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 என்று எண்களை இத்தனை கவனமாகக் குறித்துவைத்த அவ்விதிகள், எந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வர வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. பட்டம் பெற்ற பின் சேரும் மூன்றாண்டுப் படிப்பிலோ இன்னும் மோசம்: அங்கே தாவரவியல் படித்தவரும் இசை படித்தவரும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். சேர்க்கைக் குழுக்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த ஒழுங்கீனம் நேர்ந்திருக்காது.

மாநிலத்திலும் நிலைமை வேறல்ல. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், அரசுச் சட்டக் கல்லூரிகளின் பி.ஏ., எல்.எல்.பி. இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை அடிப்படையாக வைத்துத் தரவரிசை தயாரிக்கிறதேயொழிய, அந்த மதிப்பெண் வேதியியலில் வந்ததா, வரலாற்றில் வந்ததா என்று குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை. திருச்சிராப்பள்ளியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்புபவர் எழுத வேண்டிய ‘கிளாட்’ என்னும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு, ஆங்கிலம், நடப்புச் செய்திகளும் பொது அறிவும், சட்டப் பகுத்தாய்வு, தருக்கம், அடிப்படைக் கணக்கு ஆகிய ஐந்து பகுதிகளில் 120 வினாக்களை இரண்டு மணி நேரத்தில் கேட்கிறது. அவற்றில் பெரும்பாலானவை நீண்ட பத்தி ஒன்றைக் கொடுத்து, படித்தவருக்கு அது புரிந்ததா என்று பார்க்கின்றன. புக்-பேக் வினாக்களுக்கு வரி பிசகாமல் விடை ஒப்பிக்கும் கலையை இரண்டாண்டுகள் பாடுபட்டுப் பயிற்றுவிக்கும் பள்ளிகளை இழிவுபடுத்தும் நோக்கம் இத்தேர்வுக்கு உண்டா என்பது விசாரணைக்குரியது.

இந்நிலையில் மனுதாரர் தரப்புக்கு எழும் முதல் ஐயம் அரசமைப்பைப் பற்றியது. இந்திய அரசமைப்பில் தொடங்கி நாடாளுமன்றம், ஆட்சித்துறை, நீதித்துறை என்று வரிசையாக விளக்கும் பிளஸ் டூ அரசியல் அறிவியல் பாடநூல் கடைசிக் குரூப்பில் இருப்பவர் கைக்கே கிடைக்கிறது. அடிப்படை உரிமை எது, நீதிப்பேராணை எது என்பதை, அதாவது உரிமை பறிபோகும்போது உயர் நீதிமன்றத்தையோ உச்ச நீதிமன்றத்தையோ அணுகிப் பெறும் ஆணை எது என்பதை, மதிப்பெண் குறைந்தவர் மட்டுமே அறிந்தால் போதும் என்னும் இந்த ஏற்பாட்டின் உட்பொருளைக் குழுக்களே விளக்க வேண்டும். எந்தப் பெருமகனார் பெயரை மாநிலத்தின் சட்டப் பல்கலைக்கழகம் தாங்கி நிற்கிறதோ, அவர் பம்பாயில் பட்டப்படிப்புக்கு எடுத்துக்கொண்ட பாடங்கள் பொருளியலும் அரசியல் அறிவியலும். இன்றைய சேர்க்கை மேசையில் அவ்விரு பாடங்களையும் வாய்விட்டுக் கேட்டிருந்தால், ‘நல்ல மார்க்கை வைத்துக்கொண்டு ஏன் இப்படி?’ என்று பரிவோடு விசாரித்து, பெற்றோரை அழைத்துவரச் சொல்லியிருப்பார்கள்.

இதனால் முதல் குரூப்பின் பெருமை குறைந்துவிடாது என்பதையும் இம்மனு பதிவு செய்கிறது. கணக்கு இல்லாமல் வழக்கு இல்லை. விபத்தில் இறந்துபோன, 32 வயதான, மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்த வெல்டர் ஒருவரின் மனைவியும் இரு குழந்தைகளும் தாயும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்கிறார்கள் என்று கொள்வோம். சுயதொழில் செய்பவர், நாற்பது வயதுக்குக் குறைந்தவர் என்பதால், 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி வழக்குத் தீர்ப்பின்படி எதிர்கால வருமான உயர்வாக 40 விழுக்காடு கூட்ட, மாத வருமானம் 28,000 ஆகிறது, சார்ந்திருப்போர் நால்வர் என்பதால், 2009ஆம் ஆண்டின் சரளா வர்மா வழக்குத் தீர்ப்பின்படி அவருடைய சொந்தச் செலவுக்கென நான்கில் ஒரு பங்கைக் கழிக்க, மீதி 21,000, ஆண்டுக்கு 2,52,000, வயதுக்கேற்ப அத்தீர்ப்பு வகுத்த பெருக்கு எண் 16 என்பதால், சார்பிழப்புத் தொகை 40,32,000 ரூபாய். ஒரு குடும்பத்தின் மிச்ச வாழ்க்கையை முடிவுசெய்யும் இந்தக் கணக்குக்கு விழுக்காடும் பின்னமும் பெருக்கலும் போதும். அவை எட்டாம் வகுப்புக்குள் முடிந்துவிடுகின்றன. தொகைநுண்கணிதம் தெரியாதவர் வக்கீலாக முடியாது என்று பெற்றோரிடம் சொன்னவர் எந்த நீதிமன்றத்தில் அதைக் கண்டார் என்பது இரண்டாவது ஐயம்.

மற்றப் பாடங்களும் தத்தம் பங்கைக் கோரி வரிசையில் நிற்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம், மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தாக்கல் செய்வோர் அதன் ‘ஹாஷ்’ மதிப்பைக் குறிப்பிட்ட சான்றிதழையும் சேர்த்துத் தர வேண்டும் என்கிறது. கோப்பிலிருந்து கணித வழியில் பெறப்படும், அதில் ஓர் எழுத்து மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாளக் குறியே ஹாஷ் என்பதால், கணினி அறிவியல் படித்தவர் இங்கே நிமிர்ந்து உட்காரலாம். செக் திரும்பிவந்த வழக்கில் வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் என்னும் வரிசையும் அதன் பின்னுள்ள கடன் கணக்கும் வணிகவியல் மாணவருக்குப் பழகிய நிலம். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமோ, காப்புரிமை முகவராகப் பதிவு செய்ய அறிவியலிலோ பொறியியலிலோ தொழில்நுட்பத்திலோ பட்டம் வேண்டும் என்பதால், வெறும் பி.ஏ., எல்.எல்.பி. பட்டத்துடன் வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆக, எந்தக் குரூப்பும் வீணில்லை, எந்தக் குரூப்பும் கட்டாயமில்லை. அவரவர் விருப்பமும் பின்னாளில் நடத்த நினைக்கும் வழக்கின் வகையுமே அளவுகோல் என்னும் ஆபத்தான முடிவுக்கே சான்றுகள் இட்டுச்செல்கின்றன.

எல்லாக் குரூப்புக்கும் பொதுவாக இருப்பதாலேயே எவரும் பொருட்படுத்தாத இரண்டு பாடங்களைப் பற்றியது மூன்றாவது ஐயம். தமிழ்நாட்டு விசாரணை நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் பேசுகிறார், அவர் சொன்னது தமிழில் பதிவாகிறது. அதே வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனால், அரசமைப்பின் 348ஆம் பிரிவின்படி நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ‘பார்த்தேன்’ என்று சாட்சி சொன்னதற்கும் ‘பார்த்த மாதிரி இருந்தது’ என்று சொன்னதற்கும் இடையில் ஒருவருடைய ஆயுள் தண்டனை தொங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த வேறுபாட்டைச் சிதறாமல் மறுமொழிக்குக் கொண்டுசெல்வதே வக்கீலின் தொழில். அப்படியிருக்க, ‘மொழிப்பாடத்தைக் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று முதல் குரூப் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் வழங்கப்படும் அறிவுரையும், ‘வாய் நீளம், வக்கீலுக்குப் போகட்டும்’ என்று உறவினர் நடத்தும் தகுதித் தேர்வும் ஒரே பாடத்திட்டத்திலிருந்து வந்தவையா என்பதும் தெளிவுபடுத்தப்பட வேண்டும்.

ஆகவே கீழ்க்காணும் பரிகாரங்கள் கோரப்படுகின்றன. முதலாவதாக, சேர்க்கை நாளன்று கட்டண விவரம் ஒட்டப்படும் அதே பலகையில், ‘சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் தகும், நன்றாக வாசிக்கவும் எழுதவும் பழகுக’ என்று ஒரு வரி ஒட்டலாம், இடம் போதாதெனில் முதல் மதிப்பெண் பெற்றவரின் படத்தைச் சற்று நகர்த்தலாம். மாற்றாக, மேல், கீழ் வரிசையைக் கைவிட இயலாதெனில், அரசமைப்பை முதல் குரூப்புக்கும் வேதியியலைக் கடைசிக் குரூப்புக்கும் ஒரே ஓர் ஆண்டு மாற்றிவைத்து, நாட்டில் எது முதலில் பழுதடைகிறது என்று பார்க்கலாம். இரண்டும் இயலாதெனில், மனுதாரர் கேட்ட குரூப்பை மறுப்பதற்கான காரணத்தை எழுத்து மூலம் தர வேண்டும். பொது அதிகார அமைப்பு தன் நிர்வாக முடிவுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கூறுவதால், குறைந்தது அரசுப் பள்ளிகளேனும் இதிலிருந்து தப்ப முடியாது. அப்பிரிவைப் படித்துப் பொருள் சொல்ல அலுவலகத்தில் ஆள் இல்லையென்றால், கடைசிக் குரூப் வகுப்பிலிருந்து ஒரு மாணவரை அழைத்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
மனுதாரர் தரப்பு