கூடடையாமை: பெரகலக் கோழிகளை முன்வைத்து

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதியில், ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலைக்குப் போகும் ஏ16 வீதி பிரிகிற இடம் பெரகல. இந்தச் சந்தியை பஸ்காரர்கள் அறிவார்கள், மரக்கறி லொறிக்காரர்கள் அறிவார்கள், மூடுபனி நன்றாகவே அறியும். அறிவுலகம் மட்டும் அறியாது. மார்கழி, தை மாதங்களில் இங்குள்ள தோட்ட லயங்களின் கோழிகள் கூட்டுக்குள் போக மறுத்து, சவுக்கு மரத்திலும் தகரக் கூரையிலும் குந்தியிருக்கும் நிகழ்வு (இனி 'கூடடையாமை', சுருக்கமாக, கூ.மை.) எந்தப் பல்கலைக்கழகத்தாலும் கவனிக்கப்படவில்லை. அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது. இடைவெளி இருப்பதாக யாரும் முறையிடவில்லையே என்று கேட்பவர்கள் ஆய்வு முறையியல் படிக்காதவர்கள்.

மரபுப்படி எதையும் பழந்தமிழிலிருந்துதான் தொடங்க வேண்டும். கைப்பேசி உறையைப் பற்றி எழுதுகிறவர்களே அப்படித்தான் தொடங்குகிறார்கள். சோழர் தலைநகரான உறையூருக்குக் கோழி என்றும் பெயர். யானையோடு பொருது அதைத் துரத்திய கோழியால் வந்த பெயர் என்பது ஐதிகம். யானைக்கு அஞ்சாத குலம் எங்கள் அப்பாயியின் விளக்குமாற்றுக்கு அஞ்சிக் கூட்டுக்குள் நுழையும் என்று எதிர்பார்ப்பது வரலாற்று அறிவின்மை. மேலும், சேவற்கொடியோன் கோயில்கொண்ட கதிர்காமம் இதே ஊவா மாகாணத்தில்தான் இருக்கிறது. பகலில் கொடியில் இருக்கிற சேவல் இரவில் எங்கே அடைகிறது? பாத யாத்திரை போனவர்களில் ஒருவர்கூட இதைக் குறித்து வைக்கவில்லை. இது குறித்துத் தனிநூல் எழுத உத்தேசம். நிதி வேண்டும்.

மேலைநாட்டு மேற்கோள் இல்லாத கட்டுரை கரையேறாது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கொலுமெல்லா என்ற உரோமர் வேளாண்மை பற்றிப் பன்னிரண்டு நூல்கள் எழுதினார். எட்டாவதில் கோழி வருகிறது. கூடு குளிர்காலச் சூரியன் உதிக்கும் திசையைப் பார்க்க வேண்டும். அடுப்படியை ஒட்டியிருக்க வேண்டும், ஏனெனில் புகை கோழிக்கு நல்லது. உட்காரும் கம்பு உருண்டையாக இருந்தால் வழுக்கும், சதுரமாகச் செதுக்க வேண்டும் என்கிறார். அப்பாயி இந்த மூன்றையும் சொல்லியிருக்கிறார். அவர் கொலுமெல்லாவைப் படித்ததில்லை. செக்ரோலில் பெருவிரல் வைத்தவர். ஆகவே உரோமர் சொன்னது 'சான்று' என்றும், அப்பாயி சொன்னது 'நாட்டார் நம்பிக்கை' என்றும் வகைப்படுத்தப்படுகிறது. புகை ஒன்றுதான்.

இனி வகைப்பாடு. பெரகலக் கோழிகள் ஐவகைப்படும்.

கூட்டுக்குள் போவன. இவை ஆய்வுக்கு உதவா.

போய்விட்டுத் திரும்பி வருவன. கூட்டில் செள்ளு இருக்கிறது. அது பகலில் கம்பின் வெடிப்புக்குள் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். கோழியைத் திட்டுவதை விட்டுவிட்டுக் கம்பை மாற்றவும்.

அடுத்த காம்பராவின் கூட்டுக்குப் போவன. இவை முட்டையிடத் தொடங்கியதும் விவகாரம் தோட்டத் தலைவரிடம் போகும். சட்டத்துறையினர் பார்த்துக்கொள்க.

சேவல். நாட்டின் தேசியப் பறவை காட்டுக்கோழி. அது எந்தக் கூட்டிலும் அடைவதில்லை. முன்மாதிரி சரியில்லாதபோது சேவலை என்ன சொல்வது?

ஐந்தாவது வகை மரத்தில் அடைவன. அறிஞருலகம் இங்கேதான் மூன்றாகப் பிளந்து நிற்கிறது.

முதலாமவர் குளிர்வாதிகள். கூட்டுக்குள் குளிர்வதால் கோழி வெளியேறுகிறது என்பது இவர்கள் கட்சி. உள்ளே குளிர்கிறது என்று மரத்துக்குப் போவது எப்படி என்று கேட்டால், மேலதிக ஆய்வு தேவை என்பார்கள். கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 பாகை செல்சியஸ். காய்ச்சல் வந்த மனிதன் அளவுக்கு அது எப்போதுமே சூடாக இருக்கிறது. போதாததற்கு இறகைச் சிலிர்த்து, உள்ளே காற்றைப் பிடித்துவைத்துப் போர்த்திக்கொள்கிறது. நனையாதவரை பெரகலக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் குளிர்வாதிகளின் கையேடுகள் பனிக்கட்டி விழும் தேசங்களில் எழுதப்பட்டவை. கொண்டை உறையாமலிருக்க வாஸ்லின் பூசச் சொல்பவை. தை மாதத்தில் ஒருவர் பூசவும் செய்தார் (காண்க: தொங்கல் காம்பரா மாமா, வாய்மொழி, பீலிக்கரை, பல் துலக்கும் வேளை). சேவல் பளபளவென்று மரத்தில் ஏறி உட்கார்ந்தது.

இரண்டாமவர் காற்றுவாதிகள். கணவாய்க் காற்று புகாதபடி சாக்கும் படங்கும் அடைத்து, கூட்டை இறுக மூட வேண்டும் என்பவர்கள். விடியற்காலையில் இவர்களுடைய கூடுகளின் சுவர் வியர்த்திருக்கும். திறந்தால் எச்சத்தின் காரம் கண்ணில் ஏறும். மூச்சின் ஈரமும் எச்சத்தின் ஆவியும் வெளியேற வழியில்லாத இடத்தில் கோழிக்கு வருவது சளிதான். (காண்க: மேல்கணக்குப் பால்காரர், பஸ் தரிப்பிடத்தில் ஆற்றிய பேருரை; பஸ் வந்துவிட்டதால் முற்றுப்பெறவில்லை. ஒப்பிடுக: அதற்கு அவருடைய மச்சானின் மறுப்பு, இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் வெளியிடப்படவில்லை. இரண்டையும் இணக்கப்படுத்திப் பால்காரரின் மனைவி செய்த உரை: "ரெண்டு பேரும் போயி வேலையப் பாருங்க", முழுவதும், குறிப்பாக அவர் கதவைச் சாத்திய பகுதி.)

மூன்றாமவர் இருட்டுவாதிகள். இவர்கள் சொல்வதில் விஷயம் இருப்பதால் இவர்களுக்கு ஆதரவாளர்கள் குறைவு. கோழி கடிகாரம் பார்த்து அடைவதில்லை, வெளிச்சம் பார்த்து அடைகிறது. இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. மூடுபனி இறங்கும் நாளில் பெரகலயில் நாலு மணிக்கே அந்தி வந்துவிடும். அப்போது வெளியே மங்கலாவது இருக்கும், கூட்டுக்குள் கும்மிருட்டு. தெரியாத இருட்டைவிடத் தெரிகிற கிளை மேல் என்று கோழி முடிவு செய்கிறது. கூட்டுக்குள் சின்ன வெளிச்சம் வைத்தால் அது உள்ளே போகும். குப்பி லாம்பு வேண்டாம், வைக்கோலில் தீப்பிடிக்கும், டோர்ச் போதும். இவ்வளவு எளிய உண்மை ஏன் இலக்கியத்தில் பதிவாகவில்லை? கள ஆய்வுக்கு வருகிறவர்கள் பத்து மணிக்கு ஜீப்பில் வந்து, தேத்தண்ணி குடித்து, படிவம் நிரப்பி, மூடுபனிக்குப் பயந்து மூன்றரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கோழி அடைவதை அவர்களில் யாரும் பார்த்ததே இல்லை.

உயரக் கோட்பாட்டையும் சொல்லியாக வேண்டும். கோழிகளுக்குள் கொத்து வரிசை உண்டு என்று 1920களின் தொடக்கத்தில் எழுதியவர் நோர்வேக்காரர் ஷெல்டெரப்-எபே. யார் யாரைக் கொத்தலாம் என்பது முடிவான பிறகே மற்றவை. வலிமையுள்ளது உயர்ந்த கம்பைப் பிடிக்கும். கூட்டில் உயர்ந்த கம்பு இல்லையென்றால் மரத்தில் தேடும். ஆய்வரங்க மேடைகளில் நாற்காலி போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே இருப்பது கீழே இருப்பதன்மீது எச்சமிடும் என்பதும் இரண்டிடத்துக்கும் பொது.

இவ்வளவையும் அப்பாயியிடம் வாசித்துக் காட்டினேன். கொழுந்துக் கூடையைக் கழற்றி இஸ்தோப்பில் வைத்துவிட்டு, "ஏய்யா, கூட்டுக் கூரையப் பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். கூட்டின் தகரம், லயத்துக் கூரையிலிருந்து கழற்றிப் போட்ட பழைய தகரம். லயத்தில் ஒழுகிய அதே ஓட்டைகள் கூட்டிலும் ஒழுகின. காம்பராவுக்குள் இருக்கிறவர்கள் ஒழுகும் இடத்தில் சட்டி வைத்துவிட்டு, பாயைத் தள்ளிப் போட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். கோழியிடம் சட்டி இல்லை. அது மரத்துக்குப் போகிறது. குளிரைத் தாங்கும் இறகு நனைந்துவிட்டால் எதையும் தாங்காது என்பதைக் கோழி அறிந்திருக்கிறது. மரத்திலும் மழை பெய்யுமே என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. மரம் தன்னைக் கூடு என்று சொல்லிக்கொள்வதில்லை.

ஆகவே, கூ.மை. கோழியின் குணக்கேடு என்ற கருத்து நிராகரிக்கப்படுகிறது. வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரத்தில் இருக்கும் கோழிக்குக் குளிரைவிட மரநாய்தான் எமன், ஆகையால் தாமதிக்க வேண்டாம். முதலில் தகரத்தை மாற்றுங்கள். கம்பை முட்டைப் பெட்டிக்கு மேலே, தட்டையாகச் செதுக்கிப் போடுங்கள். அப்போதுதான் கோழி தன் கால்விரல்மீது உட்கார்ந்து அதை இறகால் மூடிக்கொள்ள இடமிருக்கும். நன்றாக இருட்டிய பிறகு மரத்திலிருந்து சத்தமில்லாமல் தூக்கிவந்து கம்பில் வையுங்கள், அப்போது அது சண்டை போடாது. ஒரு வாரம் உள்ளேயே அடைத்துவைத்துத் தீனி போடுங்கள். பிறகு திறந்து விட்டாலும், அந்தியில் ஒரு பிடி சோளத்தைக் கூட்டுக்குள் மட்டுமே போடுங்கள். காற்று அடிக்கிற பக்கத்தில் கோழி உட்காரும் உயரம்வரை சாக்கைக் கட்டுங்கள். கூரைக்குக் கீழே இருக்கிற துவாரத்தை மட்டும் தயவுசெய்து அடைக்காதீர்கள்.