ராஜகிரியா, சின்டெக்ஸா? வீச்சுப் படக் கோணல் குறித்த ஓர் ஆராய்ச்சி

ஆகாயத்தில் போகும் விமானம் தன் இருப்பிடத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகிறது. அதைக் கேட்க டிவி டாங்கிள் ஒன்று, ராஸ்பெரி பை ஒன்று, சிறிய ஆன்டெனா ஒன்று போதும். டிவி பார்க்கச் செய்த மலிவு டாங்கிள் எதையும் கேட்கும் ரேடியோவாகும் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது. ரெடிஸ் என்ற தரவுத்தளத்தை எழுதிய சால்வதோரே சான்ஃபிலிப்போ, விமானச் செய்திகளைப் பிரித்துப் படிக்கும் டம்ப்1090 என்ற மென்பொருளை எழுதி இலவசமாகவும் கொடுத்துவிட்டார். அன்று முதல் மொட்டை மாடி உள்ள எவரும் வான் கண்காணிப்பாளரே. ஒவ்வொரு திசையிலும் எட்டிய அதிகபட்ச தூரத்தைப் புள்ளியாக்கிக் கோடிழுத்தால் வீச்சுப் படம் வந்துவிடும். இலக்கணப்படி அது வட்டமாக இருக்க வேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அது ஓரம் கடித்த தோசையாகவே வருகிறது. கடித்தது யார் என்பதே ஆராய்ச்சிப் பொருள். அந்தப் படம் வானத்தைப் பற்றியது அன்று, ஆன்டெனா நிற்கும் தெருவைப் பற்றியது என்பது நம் துணிபு.

செஞ்சி மலையே காரணம் என்பர் ஒருசாரார். யுனெஸ்கோ 2025இல் மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிய கோட்டை. அதன்மேல் பழிபோடுவதில் ஒரு கௌரவம் இருக்கிறது. ஆனால் கணக்கு இடம் தரவில்லை. 11 கி.மீ. உயரத்தில் போகும் விமானத்தைப் பத்து மீட்டர் உயர ஆன்டெனா ஏறக்குறைய 440 கி.மீ. வரை காணலாம், அதற்கப்பால் பூமி வளைந்துவிடுகிறது. அக்கோட்டை நிற்கும் ராஜகிரியின் உயரம் சுமார் 240 மீட்டர். திண்டிவனத்திலிருந்து 28 கி.மீ. தள்ளி நிற்கும் அது அடிவானத்துக்கு மேல் அரைப் பாகைகூட எழுவதில்லை. மறைத்தாலும் 440 என்பது 380 ஆகும், அதுவும் ஓரிரு பாகை அகலத்துக்கு மட்டும். மேற்கே முழுக் கவளம் ஒன்று காணாமல் போயிருந்தால், அதை ராஜகிரி தின்றிருக்க முடியாது.

இப்போது பக்கத்து வீட்டு மாடியைப் பார்ப்போம். ஆன்டெனாவிலிருந்து ஐந்து மீட்டரில், அதைவிட இரண்டு மீட்டர் உயர்ந்து நிற்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி சுமார் 22 பாகை எழுந்து, 12 பாகை அகலத்தை அடைக்கிறது. அத்திசையில் 27 கி.மீ.க்கு அப்பால் போகும் விமானங்கள் எல்லாம் அதன் பின்னால்தான். அலை தொட்டியின் ஓரங்களில் வளைந்து கொஞ்சம் கசியும் என்பதை ஒப்புக்கொள்கிறோம்; ஆனால் முந்நூறு கிலோமீட்டர் வந்து மெலிந்த சிக்னலுக்கு அந்தக் கசிவு போதாது. மேலும், பிளாஸ்டிக்கை இந்த அலை அநேகமாகத் துளைத்துவிடும். தடுப்பது உள்ளே உள்ள தண்ணீர். ஆகவே காலையில் மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பியதும் அந்நேரத்து வீச்சு சுருங்கி, துணி துவைத்து முடித்ததும் விரிய வேண்டும். செஞ்சிக் கோட்டைக்கு இப்படி ஏற்றவற்றம் கிடையாது.

பள்ளம் சரி, எழுநூறு கிலோமீட்டருக்கு நீளும் கூர்முனைக்கு என்ன சொல்கிறீர் என்று வினவலாம். மரக்காணம் பக்கத்துக் கடலில் வெயில் காலத்தில் ஈரக்காற்றின் மேல் சூடான உலர்காற்று படிந்து, அலையை அடிவானத்துக்கு அப்பாலும் இட்டுச்செல்வதுண்டு. ஆனால் அந்தப் பாதை தரையை ஒட்டியது, 11 கி.மீ. மேலே பறப்பதற்கு அதனால் பயனில்லை. உண்மைக் காரணம் வேறு. விமானம் தன் முழு அட்சரேகையை அனுப்புவதில்லை. உலகைச் சுமார் 6 பாகைக் கட்டங்களாக வகுத்து, கட்டத்துக்குள் தன் இடத்தை மட்டும் இரட்டை, ஒற்றை என இரு செய்திகளாகச் சொல்கிறது. இரண்டையும் பொருத்தினால்தான் எந்தக் கட்டம் என்று தெரியும். பொருத்தம் தவறினால் விமானம் ஒரே தாவலில் 660 கி.மீ. போய்விடும். அதிகபட்சத்தை மட்டுமே நினைவில் வைக்கும் படமோ ஒருமுறை நேர்ந்த அந்தத் தவற்றை அழிக்கும்வரை காட்டிக்கொண்டிருக்கும்.

விமானமே போகாத திசையில் படம் எப்படி நிரம்பும் என்பாரும் உளர். நன்னூலார் சொன்ன எழுவகை மதத்தில் முதலாவது உடன்படல், இதற்கு உடன்படுகிறோம். ஆனால் வழித்தடம் இல்லாத வெற்றிடம் தொட்டி நிரம்பியதற்காகப் பெருகாது, காலியானதற்காகச் சுருங்காது.

கடைசியாக, உரிமையாளரின் கைவண்ணம். திண்டிவனத்தில் ஆன்டெனாவை வைத்துவிட்டு மென்பொருளில் விழுப்புரத்தின் ஆயத்தொலைவைக் கொடுத்தால், மையம் 36 கி.மீ. நகர்ந்து, படம் வடகிழக்கே வீங்கித் தென்மேற்கே ஒட்டிப்போகும். இரு எண்களையும் இடம் மாற்றி இட்டவர் நிலை இன்னும் விசேஷம். விழுப்புரத்தின் 11.9, 79.5 என்பதைத் திருப்பினால் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு வந்துவிடும். இந்தியா 2008இல் திறந்த ஹிமாத்ரி ஆய்வு நிலையத்துக்கு வடக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். அங்கிருந்து மீனம்பாக்கத்து விமானம் தெரியவில்லை என்று யாரும் குறைபட வேண்டாம்.

எல்லாத் திசையிலும் ஒருசேரச் சுருங்கினால் மட்டும் தொட்டியை விட்டுவிடுங்கள். 900 மெகாஹெர்ட்ஸில் பக்கத்துச் செல் டவர் போடும் சத்தம் டாங்கிளின் காதை அடைத்திருக்கும், அதற்கு ஃபில்டர் விற்கிறார்கள். மற்றபடி, ஒரு திசை மட்டும் கடிபட்டிருந்தால் ஆன்டெனாவை இரண்டு மீட்டர் உயர்த்துங்கள். பக்கத்து வீட்டாரைத் தொட்டியை நகர்த்தச் சொல்லாதீர்கள்.