அக்கறை மேனேஜரின் பஞ்சாங்கம்

அக்கறை மேனேஜரை வில்லன் என்று யாராலும் சொல்ல முடியாது. மகளிர் தினத்தன்று அலுவலகப் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ரோஜாவும் ஒரு டப்பா இனிப்பும் கொடுப்பவர் அவர்தான். மழை இருட்டிக்கொண்டு வந்தால், "லேடீஸ் எல்லாம் இப்பவே கிளம்புங்கம்மா" என்பார். மகளை என்ஜினீயரிங் படிக்கவைத்ததை, மைக் கிடைக்கும் இடத்திலெல்லாம் சொல்வார். இப்பேர்ப்பட்டவரின் நல்ல குணம் முழுதாக வெளிப்படும் இடம் புரொமோஷன் கமிட்டி. பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் வந்ததுமே அவர் முகம் இளகிவிடும். "திறமையானவங்கதான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா பாவம், அவங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?" என்பார். கமிட்டியும் சேர்ந்து உருகும். அந்தத் தலைவலி, சம்பள உயர்வோடும் தனி அறையோடும் அடுத்த நாற்காலிக்காரருக்குப் போய்ச் சேரும். அவரும் மறுபேச்சில்லாமல் தாங்கிக்கொள்வார்.

மேனேஜரிடம் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் அதில் உண்டு. நல்ல நேரம்தான் கிடையாது. பெண்ணுக்கு இருபத்தைந்து வயதா? கல்யாணமாகி எந்த ஊருக்குப் போவாளோ, பொறுத்துப் பார்ப்போம். இருபத்தெட்டா? இப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது, அடுத்து குழந்தைதானே. முப்பத்திரண்டா? குழந்தை சின்னது. நாற்பத்திரண்டா? பிள்ளை பிளஸ் டூ. நாற்பத்தெட்டா? மாமியாருக்கு மூட்டுவலி. ஐம்பத்து நான்கு வந்ததும் எல்லாக் கிரகமும் விலகி வழி திறக்கும். அப்போது மேனேஜர் பெருமூச்சு விட்டு, "இத்தனை வருஷம் உழைச்சிட்டாங்க, இனிமே எதுக்கு? இளரத்தம் வரட்டுமே" என்று பஞ்சாங்கத்தை மூடிவிடுவார். பெண் என்ற தடையும் வயது என்ற தடையும் இப்படி அவளை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்கின்றன. நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி விழுவதில்லை.

இது ஒரு தனி மனிதரின் மனக்கோணல் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்தப் பஞ்சாங்கத்தை அரசாங்கமே விதியாக அச்சடித்து வைத்திருந்த காலம் உண்டு. வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா, தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அன்றைய விதிப்படி அந்தப் பணியிலிருக்கும் பெண் திருமணத்துக்கு அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசுக்குத் தோன்றினால் ராஜினாமா செய்யவும் சொல்லலாம். 1979இல் தீர்ப்பெழுதிய நீதிபதி கிருஷ்ண அய்யர், குடும்பப் பொறுப்பு ஆணுக்கும் இருக்குமே என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நேரான பதிலை இன்றுவரை எந்தக் கமிட்டியும் சொல்லவில்லை. ஏர் இந்தியா இன்னும் கறாராக இருந்தது. விமானப் பணிப்பெண்ணுக்கு ஓய்வு 35 வயதில். வேலையில் சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்தாலோ முதல் முறை கர்ப்பமானாலோ அதற்கும் முன்பே வெளியே. அதே விமானத்தில் வேலை பார்த்த ஆண்களுக்கு 58. கர்ப்ப விதியை 1981இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. திருமண விதியை மட்டும் விட்டுவைத்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் அந்தப் பெண்ணின் உடல்நலமும் நாட்டின் குடும்பக் கட்டுப்பாடும் இருந்தன. அக்கறை என்பது எவ்வளவு உயரம் வரை ஏறும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. விமானத்துக்குள் மேற்பார்வையாளர் பதவி ஆண்களுக்கே என்றிருந்தது வேறு. அதைப் பெண்களுக்கும் நிறுவனமே திறந்துவிட்டபோது, ஆண் ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். 2011இல்தான் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது.

பழைய கதை என்பவர்கள் ராணுவத்தைப் பார்க்கலாம். பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கேட்ட வழக்கில், சிப்பாய்களில் பெரும்பாலோர் கிராமத்து ஆண்கள், பெண்ணின் கட்டளையை ஏற்க மனத்தளவில் பழகாதவர்கள் என்று மத்திய அரசு வாதாடியது. யார் பழகவில்லையோ அவர்களைப் பழக்காமல், யார் கட்டளையிட வேண்டுமோ அவர்களை நிறுத்திவைப்பது! 2020இல் நீதிமன்றம் இந்த வாதத்தைத் தள்ளியது. உடனே வேறொரு கதவு சாத்தப்பட்டது. ஆண் அதிகாரிகளுக்கு ஐந்தாம் ஆண்டு வாக்கில், முப்பது வயதுக்குள் வைக்கப்பட்ட அதே உடல்தகுதி அளவுகோல், காத்திருந்தே நாற்பதைத் தாண்டிவிட்ட பெண்களுக்கும் வைக்கப்பட்டது. அளவுகோல் ஒன்றுதான், ஆகவே சமத்துவம்தான் என்பது விளக்கம். இதுவே மறைமுகப் பாகுபாடு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெண் என்று காக்கவைத்து, காத்திருந்ததால் வயதாகிவிட்டது என்று கழித்துக்கட்டும் வித்தை ஒரு தீர்ப்பில் அப்பட்டமாகப் பதிவானது அப்போதுதான்.

மேனேஜர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. "ஆறு மாசம் லீவுங்க, வேலை நிக்காதா?" என்பார். 2017 முதல் பேறுகால விடுப்பு 26 வாரம். அதன் சம்பளம் பெரும்பாலும் முதலாளி தலையில்தான் விழுகிறது என்பதும் உண்மை. கணக்கைப் பார்ப்போம். இரண்டு குழந்தைக்கும் சேர்த்து 52 வாரம். 23 வயதில் சேர்ந்து 58இல் ஓய்வு பெறுபவர் வேலை பார்க்கும் காலம் 1,820 வாரம். நூற்றுக்கு மூன்றுகூடத் தேறாத இந்த விடுப்பு, மீதி தொண்ணூற்றேழையும் தீர்மானிக்கிறது. செலவு முதலாளிக்குப் பாரம் என்றால் அதை அரசும் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று கேட்பது நியாயம். பதவியைப் பிடித்துவைப்பது அதற்குப் பரிகாரமாகாது. "அவங்களே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறாங்களே" என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை. வங்கிகளில் புரொமோஷனோடு வெளியூர் டிரான்ஸ்ஃபரும் சேர்ந்தே வரும் என்று பயந்து ஒதுங்கும் பெண்கள் உண்டு. ஆனால் அந்த நிபந்தனை, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு மனைவி இருக்கும் ஊழியரை மனத்தில் வைத்து வகுத்தது. அதைத் தளர்த்திப் பார்க்காமல், பெண்ணுக்கு ஆசை இல்லை என்று முடிவுகட்டுவது அவசரம். மறுக்கும் உரிமை அவளுடையது. அவளுக்காக மேனேஜரே மறுத்துவிடுவதுதான் சிக்கல்.

வயது விஷயத்தில் மேனேஜருக்குச் சட்டத்தின் தொல்லைகூடக் குறைவு. அரசு வேலையில் பாலினப் பாகுபாடு கூடாது என்று அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பட்டியலில் வயது இல்லை. அமெரிக்காவில் நாற்பதைத் தாண்டியவர்களைக் காக்க 1967லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. புதிய தொழில்நுட்பம் வயதானவர்களுக்கு வராது என்பது வாதமானால் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு தேர்வு போதும். பிறந்த தேதி அந்தத் தேர்வு ஆகாது. இதில் வேடிக்கை, ஐம்பத்தைந்தில் மேனேஜரின் பெயரே அடுத்த பதவிக்கான பட்டியலில் வரும்போது நடக்கிறது. அவரிடம் தொழில் கற்ற இளைஞர் கமிட்டியில் உட்கார்ந்து, "சாருக்குச் சுகர் வேற இருக்கு, எதுக்கு அலைச்சல்?" என்று உருகுவார்.

இதையெல்லாம் சரிசெய்ய மேனேஜரின் மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகுதி என்ன என்பதைப் பட்டியல் போடுவதற்கு முன்பே எழுதிவைத்து, ஒருவரைத் தள்ளினால் காரணத்தையும் எழுத்தில் கொடுத்தால் பாதி அக்கறை தானாக வற்றிவிடும். மீதிக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது: சொன்ன காரணத்தை அப்படியே பெயரை மட்டும் மாற்றி உரக்க வாசிக்க வேண்டும். "முருகேசனுக்குப் போன மாசம்தான் குழந்தை பிறந்திருக்கு, பாவம், இந்த வருஷம் புரொமோஷன் வேண்டாம்." கமிட்டியில் யாருக்காவது சிரிப்பு வந்தால் அந்தக் காரணத்தை அடித்துவிடலாம். எல்லாம் அடித்த பிறகு எதுவும் மிச்சமில்லை என்றால், அந்த அம்மாவின் பெயருக்கு ஆர்டரை டைப் செய்யச் சொல்லலாம்.