நல்லவனாக்கிய செலவு 4.7 கோடி டாலர்

ஷெர்மன் மெக்காயைப் பார்த்து இரக்கப்படாதவன் மனிதனே இல்லை. பாவம், நியூயார்க் பார்க் அவென்யூவில் அரண்மனை மாதிரி ஒரு வீடு, வால் ஸ்ட்ரீட்டில் கடன்பத்திர வியாபாரம், மனைவி, குழந்தை, போதாக்குறைக்கு ஒரு காதலி, அவளைச் சந்திக்கத் தனியாக ஓர் அறை. இத்தனை பாரத்தையும் ஒற்றை ஆளாகச் சுமக்கிறான். ஒரு ராத்திரி விமான நிலையத்திலிருந்து காதலியை அழைத்து வரும்போது திருப்பத்தைத் தவறவிட்டு தெற்கு பிராங்ஸில் போய் மாட்டிக்கொள்கிறான். இரண்டு கறுப்பு இளைஞர்கள் எதிர்ப்படுகிறார்கள். பதற்றத்தில் ஸ்டியரிங்கைக் காதலி பிடிக்கிறாள், மெர்சிடிஸ் ஒரு பையன்மேல் மோதுகிறது. நிற்காமல் போய்விடுகிறார்கள். ஹென்றி லாம்ப் என்கிற அந்தப் பையன் நினைவிழந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கஷ்டம் யாருக்கு? ஷெர்மனுக்கு! பிரையன் டி பால்மா இயக்கி, வார்னர் பிரதர்ஸ் 1990 டிசம்பரில் வெளியிட்ட ‘த பான்ஃபயர் ஆஃப் த வேனிட்டீஸ்’ நமக்கு உணர்த்த வந்தது இதைத்தான்.

டாம் வுல்ஃப் 1987-இல் வெளியிட்ட நாவலில் இந்த உருக்கம் கிடையாது. நல்லவன் என்று கைகாட்ட அதில் ஆளே அகப்படாது. கடன்பத்திரக்காரன் தன்னைப் பிரபஞ்சத்துக்கே அதிபதியாக நினைத்துக்கொள்கிறான். தேர்தல் நெருங்குகிறதே, உள்ளே தள்ள ஒரு வெள்ளைக்காரன் கிடைக்க மாட்டானா என்று நாக்கைத் தொங்கப்போட்டு அலைகிறார் அரசு வழக்கறிஞர். அடிபட்ட பையனை வைத்துப் பாதிரியார் அரசியல் பண்ணுகிறார், குடிகாரப் பத்திரிகைக்காரன் பிழைத்துக்கொள்கிறான். கறுப்பின மக்களை வுல்ஃப் எழுதிய விதம் சரியில்லை என்று அப்போதே சண்டை நடந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் ஷெர்மனை அவர் தப்பவிடவில்லை. கடைசியில் பையன் செத்துப்போகிறான், தள்ளுபடியான வழக்கு மறுபடி ஷெர்மன் கழுத்தைச் சுற்றுகிறது.

7.5 லட்சம் டாலர் கொடுத்து இந்த விஷத்தை வாங்கினார்கள். வாங்கிய கையோடு முறிவு மருந்து தேட ஆரம்பித்தார்கள்.

முதல் மருந்து டாம் ஹாங்ஸ். ‘பிக்’ படத்தில் பெரியவன் உடம்புக்குள் சிறுவனாக வந்து அமெரிக்காவையே கொஞ்ச வைத்தவர். இந்த முகத்தை யாரால் வெறுக்க முடியும்? திமிர் பிடித்த பணக்காரன், வழி தெரியாமல் விழிக்கும் அப்பாவியானான். ஆங்கிலேயனாக இருந்த பத்திரிகைக்காரன் புரூஸ் வில்லிஸாக அவதாரமெடுத்து, அமெரிக்கனாகி, கதை சொல்லும் உத்தியோகத்தையும் எடுத்துக்கொண்டான். ரசிகனுக்கு எங்கே புரியாமல் போய்விடுமோ என்று அவன் வாய் ஓயாமல் விளக்கிக்கொண்டே இருக்கிறான்.

நீதிபதி விஷயம்தான் வயிற்றை எரிக்கிறது. நாவலில் அவர் யூதர். படத்துக்கும் முதலில் ஆலன் ஆர்க்கினைத்தான் ஒப்பந்தம் செய்தார்கள். பிறகு நடுக்கம் வந்துவிட்டது. வெள்ளைக்கார நீதிபதி கறுப்பினக் கூட்டத்தை அதட்டினால் இனவெறி என்று ஊர் பேசுமே? ஆர்க்கின் போனார், மார்கன் ஃப்ரீமன் வந்தார். கதையைத் திருத்தவில்லை, பார்வையைத் திருத்தவில்லை, முகத்தை மட்டும் மாற்றினார்கள். அந்த முகத்துக்கு வைத்த பெயர் நீதிபதி ஒயிட். இதைத் தெரிந்து வைத்தார்களா தெரியாமல் வைத்தார்களா, எப்படியோ படத்தில் நான் சிரித்த ஒரே இடம் அது.

கிளைமாக்ஸில் ஷெர்மன் நீதிமன்றத்தில் ஓர் ஒலிநாடாவைப் போட்டுக் காட்டுகிறான். பதிவு செய்தது வேறு யாரோ. நான்தான் பதிவு செய்தேன் என்று கூசாமல் பொய் சொல்கிறான். வழக்கு தள்ளுபடி. கூட்டம் கொதிக்கிறது. உடனே நீதிபதி எழுந்து, கண்ணியம் என்றால் என்ன, அதை நம் பாட்டிமார் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று உபதேசம் செய்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புகிறார். இடித்துவிட்டு ஓடியவன் பொய் சொல்லித் தப்பிக்கிறான். அடிபட்டவனின் ஊர்க்காரர்கள் கண்ணியத்துக்குப் பாடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பாடத்தையும் ஒரு கறுப்பினக் கலைஞரின் வாயாலேயே சொல்ல வைத்தாயிற்று. தூ!

டி பால்மாவுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 1970-இல் ‘ஹை, மாம்!’ என்ற படத்தில் முற்போக்கு வெள்ளைக்காரர்களை ஒரு நாடகத்துக்கு வரவழைத்து, அவர்கள் முகத்தில் கறுப்பு மை பூசி, அடித்து உதைத்து அனுப்பினார். வெளியே வந்த அவர்கள் ஆகா என்ன நாடகம் என்று மெச்சினார்கள். அந்த நையாண்டி இன்றைக்கும் சுடுகிறது. ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்தில் போதைப்பொருள் தாதா டோனி மோன்டானாவைப் பிடித்துப்போகட்டும் என்று அவர் யாரையும் கெஞ்சவில்லை. அப்படிப்பட்டவர் இருபது வருடம் கழித்து, தலைக்கு மேலே 4.7 கோடி டாலர் பட்ஜெட் உட்கார்ந்ததும் பாட்டி சொன்ன புத்திமதிக்கு வந்து சேர்ந்தார்.

சரி, அந்த நேரத்தில் நிஜ நியூயார்க் என்ன செய்துகொண்டிருந்தது? படம் வெளிவரச் சரியாக ஒரு மாதம் முன்பு, கடன்பத்திர மன்னன் மைக்கேல் மில்கனுக்குப் பத்து வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். உள்ளே இருந்தது இரண்டு வருடம்கூட இல்லை. அதே 1990-இல், சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில், சம்பவத்தின்போது 14 முதல் 16 வயதுக்குள் இருந்த ஐந்து கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பையன்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து உள்ளே தள்ளினார்கள். தீர்ப்பு தப்பு என்று 2002-இல் ரத்து செய்யும்போது அவர்கள் இளமை போயிருந்தது. இப்படிப்பட்ட ஊரில் படமெடுக்கப் போனவர்களுக்கு, கார் மோதிய பையனைவிட மெர்சிடிஸ்காரனின் மனவேதனை பெரிதாகத் தெரிந்தது. ஹென்றி லாம்புக்குப் படத்தில் படுக்கை உண்டு, பேச்சு கிடையாது.

தொழில்நுட்பத்தில் மட்டும் குறை வைக்கவில்லை. குடித்துவிட்டு வரும் வில்லிஸின் பின்னால் வேர்ல்ட் ஃபைனான்ஷியல் சென்டரின் சந்துபொந்தெல்லாம் ஏறக்குறைய ஐந்து நிமிடம் வெட்டில்லாமல் சுற்றுகிறது கேமரா. கான்கார்டு விமானம் தரையிறங்கும் ஒரு காட்சிக்காக, ஓடுபாதையின் நேர்கோட்டில் சூரியன் அஸ்தமிக்கும் நாளைக் கணக்குப்போட்டுக் காத்திருந்தார்கள். காட்சி சில நொடி வந்து போகிறது, அழகுதான், மறுக்கவில்லை. இந்த உழைப்பில் காலே அரைக்கால் பங்கைத் திரைக்கதையில் போட்டிருக்கலாம்.

அமெரிக்காவில் வசூல் ஒன்றரைக் கோடி டாலர் சொச்சம். வெறுக்கத்தக்க நாயகனைக் காட்டினால் ஜனங்கள் வர மாட்டார்கள் என்று பயந்தார்கள். குளிப்பாட்டிப் பவுடர் பூசி நிறுத்தியும் வரவில்லை. அதற்காக யாரும் நடுத்தெருவுக்கு வந்துவிடவில்லை. ஹாங்ஸுக்கு அடுத்தடுத்து இரண்டு ஆஸ்கர் கிடைத்தது, டி பால்மா 1996-இல் ‘மிஷன்: இம்பாசிபிள்’ எடுத்தார்.

படப்பிடிப்புத் தளத்தில் கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்த பத்திரிகையாளர் ஜூலி சாலமன், 1991-இல் ‘த டெவில்ஸ் கேண்டி’ என்று ஒரு புத்தகம் எழுதினார். கெட்டிக்காரர்கள், உழைப்பாளிகள், ஒவ்வொருவரும் தன் பங்குக்கு நல்லெண்ணத்தோடு ஒரு சின்னத் திருத்தம் சொல்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் இந்தப் படம். டார்க் காமெடி வேண்டுமென்றால் டிக்கெட் காசில் அந்தப் புத்தகத்தை வாங்குங்கள்.