நான்கு நாள் வாடகை

கேள்வி: மரபணு வேலை செய்கிறதா, தூங்குகிறதா என்று பார்க்க ஆயிரக்கணக்கில் கணினிகளை வாடகைக்கு எடுக்கிறார்களாமே, சொந்தமாக வாங்கினால் என்ன?

பதில்: நான்கு நாள் திருமணத்துக்கு மண்டபம் கட்டுவோர் உண்டா?

ஒரு திசுவில் எந்தெந்த மரபணுவிலிருந்து எவ்வளவு ஆர்.என்.ஏ. படிகள் எடுக்கப்படுகின்றன என்ற கணக்கே மரபணு வெளிப்பாடு எனப்படும். அக்கணக்கைத் தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணினிகளில், பயன்படுத்திய நேரத்துக்கு மட்டும் பணம் கட்டிப் போடுவது மேகக் கணிமை. சாண்டா குரூஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், டாயில் என்னும் மென்பொருளைக் கொண்டு, 20,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சுமார் 32,000 செயலிக் கருக்கள் கொண்ட வாடகைக் கணினிகளில் நான்கு நாளுக்குள் எண்ணி முடித்தனர். அவை உரிமையாளர் பாதியிலேயே பிடுங்கிக்கொள்ளக்கூடிய மலிவு வாடகை இயந்திரங்கள் என்பதும், அறுந்த வேலையை மென்பொருளே வேறோர் இயந்திரத்தில் தொடரும் என்பதும்தான் வேடிக்கை. தாலி கட்டும் நேரத்தில் எந்த மண்டபக்காரரும் இப்படிச் செய்யத் துணியமாட்டார்.

இந்தச் செலவுக்குக் காரணம் அவசரம் அன்று. இந்த மாதிரிகளைத் திரட்டிய வெவ்வேறு ஆய்வுத் திட்டங்கள் வெவ்வேறு நிரல்களால் எண்ணியிருந்ததால், புற்றுத்திசுவையும் நல்ல திசுவையும் ஒப்பிடும்போது தெரியும் வேறுபாடு நோயினுடையதா, நிரலினுடையதா என்று பிரித்தறிவது கடினமாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே முறையில் மீண்டும் எண்ணினாலன்றி அந்த ஐயம் குறையாது. எண்ணி முடித்த அட்டவணைகள் அதே பல்கலைக்கழகத்தின் ஸீனா தரவுத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன.